காரணம் என்ற கட்டம்

படிவத்தில் காரணம் எழுத
ஒரு விரல் நீளம் கோடு விட்டிருக்கிறார்கள்.
என் பெயருக்கே அது போதாது:
மாரிவிக் பங்கனிபான், இலோய்லோ, பிலிப்பைன்ஸ்.

போன வாரம்தான் ஐந்தாம் வகுப்புக்கு
'பிகாஸ்' நடத்தினேன்.
இரண்டு வாக்கியங்களை ஒட்டும் பசை என்றேன்.
காவ்ஃபாங் எழுந்து சொன்னாள்:
"டீச்சா, ஐ லேட் பிகாஸ் டாக்."
நாய் துரத்தியதா, குட்டி போட்டதா,
செத்துக் கிடந்ததா?
கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது.
ஒரு 'சரி' போட்டு உட்காரச் சொன்னேன்.

இப்போது என் முறை.

க்ரூ ஒரவான் ஒப்பந்தத்தைத் திருப்பி
என் பக்கம் தள்ளுகிறாள்.
பதினோராம் விதியின் கீழே பென்சில் கோடு.
மார்ச்சுக்கு முன்னால் போனால்
கடைசி மாதச் சம்பளம் கிடையாது,
வேலை அனுமதி எடுத்த செலவும் என் தலையில்.
கோபமாகச் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.
உரித்த பம்பளிமாஸ் சுளையை
மிளகாய் உப்பில் தொட்டு நீட்டியபடியே சொல்கிறாள்.
வாங்கித் தின்கிறேன், என்ன செய்ய.
நவம்பர் பழம், நல்ல பழம்.

எழுதலாம்: சம்பளம்.
பக்கத்து அறையில் டெரெக்,
அதே புத்தகம், அதே நாற்பது பேர்,
என்னைப்போல் இரண்டு மடங்கு வாங்குகிறான்.
பள்ளி வாசல் விளம்பரப் பலகையில் சிரிப்பது அவன்தான்.
வினாத்தாளில் பிழை பார்க்க மட்டும்
என்னிடம் வருவான்.
நல்லவன். வரும்போது பிஸ்கட் கொண்டுவருவான்.
அதனால் அது முழுக் காரணமில்லை.

எழுதலாம்: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.
எல்லோரும் எழுதுவது அதுதான்.
என் அம்மா நேற்றுதான்
தெருக்காரிகளோடு ஜூம்பா ஆடும் வீடியோ அனுப்பினாள்.
வாய் வைக்க வேண்டாம்.

எழுதலாம்: ஏரி.
ஃபயாவ் ஏரிக்கரையில் தினமும் நடந்து நடந்து
ஒரு செவ்வாய்க்கிழமை உறைத்தது,
'உட்கார், எழுது, மறுபடி சொல்'
இவை தவிர அன்று முழுக்க
யாரிடமும் வேறொன்றும் பேசவில்லை.
அன்று மட்டுமா என்று
எண்ணத் தொடங்கியதுதான் தப்பு.
ஏழு மாதம்,
ஏவல் வினையிலேயே ஓடியிருக்கிறது.

'சொந்தக் காரணம்' என்று எழுதினேன்.
கோட்டில் இடம் மிச்சமிருந்தது.

வேலையின் கடைசி நாளே விசாவின் கடைசி நாள்.
அது என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்ததால்
என்னுடையது என்று நினைத்திருந்தேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் பாட் கட்டினால்
கிளம்புவதற்கென்று ஏழு நாள் தருகிறார்கள்.
குடிவரவு அதிகாரி படிவத்தைப் பார்த்து,
அதட்டலாக இல்லை, சும்மா, கேட்டாள்:
"ஒய், டீச்சா?"
"பிகாஸ்," என்றேன்.
மீதி வரும் என்று
முத்திரையை உயர்த்திப் பிடித்தபடி காத்திருந்தாள்.
வரிசையில் யாரோ இருமினார்கள்.
முத்திரை விழுந்தது.

பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது
என்பது ஒரவானின் நிபந்தனை.
"புது டீச்சர் வந்தால் இரண்டே நாளில் பழகிவிடுவார்கள்."
ஆறுதலுக்குத்தான் சொன்னாள்.
அரிசிக் குக்கரைக் கீழ்வீட்டு லாவோக்காரப் பெண்ணுக்கும்
மின்விசிறியை டெரெக்குக்கும் கொடுத்தேன்.
அவன் காசு தர வந்தான், வாங்கவில்லை.
பிறகு பேருந்து நிலையத்தில்
வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது.

சியாங் கோங் பேருந்து.
சில்லறைக்குப் பையைத் துழாவினால்
வகுப்பு அலமாரிச் சாவி.
உள்ளே நாற்பது நோட்டு.
பாதி திருத்தியது, பாதி திருத்தாதது.
'நான் ஏன் தாமதமாக வந்தேன்',
ஐந்து வாக்கியம்,
தலைப்பு நான் கொடுத்ததுதான்.
காவ்ஃபாங்குடையது திருத்தாத பாதியில்
மேலிருந்து மூன்றாவது.

பாலத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம்
என்கிறார் நடத்துநர்.
சாவியைத் தபாலில் அனுப்பிவிடலாம்,
அது பெரிய விஷயமில்லை.

அந்த நாய்க்கு என்ன ஆயிற்று?